நாற்பத்தொரு துளைகள்

காரின் உடலில் தொழிற்சாலை ஒட்டியனுப்பிய அலங்காரங்களையெல்லாம் கழற்றிவிட்டு, அவை இருந்த துளைகளை அடைத்து, தகட்டைத் தொடர்ச்சியான ஒரே பரப்பாக வழவழப்பாக்கும் வேலைக்கு அமெரிக்கர்கள் ‘ஷேவிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் முதலில் வந்து நிற்பது சிரைத்தல். அச்சொல்லை நம்மவர்கள் வசையாக்கி வெகுகாலமாயிற்று. ஆகவே மழித்தல் என்றே எழுதுகிறோம். கூடாவொழுக்கத்தைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட சொல் அது. துறவியின் தலைக்குப் பொருந்தியது தகரத்துக்கும் பொருந்தட்டும்.

கார்களைப் பற்றி எங்கள் இருவருக்கும் பெரிய ஞானம் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தும், வண்டி என்பது அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் இடையே ஓடுகிற ஒரு சாதனம் என்பதற்கு மேல் நாங்கள் நினைத்ததில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பி, எங்களோடு ஏறக்குறைய பேச்சையே நிறுத்திவிட்டிருந்த மகன், 2022-ஆம் ஆண்டின் கோடையில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இந்த உலகம் எங்களுக்குத் திறந்தது.

பெரியவர் மெக்சிக வம்சாவளியினர். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளின் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் டிங்கரிங் என்று சொல்கிறோமே, அதே வேலை. எங்கள் மகன் அவரை ஸ்பானிய வழக்கப்படி ‘தீயோ’ என்று அழைக்கிறான். மாமா, சித்தப்பா எல்லாவற்றுக்கும் அங்கே அது ஒன்றுதான் சொல். வேலிக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் முதன்முதலில் காதில் விழுந்தபோது, தமிழ் மட்டுமே அறிந்த எங்கள் செவி ‘தீயோர்’ என்று கேட்டுத் திடுக்கிட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மழிக்கும் கலையின் வரலாறு பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் வரலாறு. முப்பதுகளில் சாக்ரமென்டோவில் ஹாரி வெஸ்டர்கார்ட் என்ற கைவினைஞர் இதைச் செய்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றி வந்த இளைஞர்களில் ஒருவரான ஜார்ஜ் பேரிஸும் அவருடைய அண்ணன் சாமும் நாற்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பட்டறை போட்டார்கள். கிரேக்க வம்சாவளிச் சகோதரர்கள். ‘கஸ்டம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தையே ‘கே’யாக மாற்றி எழுதிக்கொண்டவர்கள். 1949 முதல் 1951 வரை வெளிவந்த மெர்க்குரி கார்கள் இவர்கள் கையில் பட்டு வேறொரு பிராணியாக மாறின. பானெட்டின் சின்னத்தைக் கழற்றி மூடினால் அதற்கு ஒரு பெயர், டிக்கியின் சின்னத்தை மூடினால் இன்னொரு பெயர், முன்விளக்கின் வளையத்தை மட்கார்டோடு பற்றவைத்து உள்வாங்கச் செய்தால் வேறொரு பெயர். 1955-இல் வந்த ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் ஓட்டும் 1949 மெர்க்குரியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அதன் மூக்கில் ஒன்றும் இருக்காது. இளைஞனின் கோபத்துக்கு அந்த வெறுமையான மூக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது, பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக பேரிஸ் பட்டறை 1952-இல் செய்து கொடுத்த 1951 மெர்க்குரி. 1959-இல் ஓர் இளைஞர் அதை 500 டாலருக்கு வாங்கினார். 2022 ஜனவரியில் அது ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. வேடிக்கை என்னவென்றால், மழிப்பின் உச்சம் என்று கொண்டாடப்படும் அந்த வண்டியின் விலாவில் பியூக் காரிலிருந்து கொண்டுவந்து பொருத்திய ஒளிரும் பட்டை ஒன்று ஓடுகிறது. மெர்க்குரியின் நகையைக் கழற்றிவிட்டுப் பியூக்கின் நகையை அணிவித்தார்கள்! கலையின் கோட்பாடுகளைக் கலைஞர்கள் ஒருபோதும் முழுமையாக நம்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: டாம் வுல்ஃப் 1963-இல் எஸ்குவயர் இதழில் எழுதிப் பெயர் வாங்கிய கட்டுரை இந்த உலகத்தைப் பற்றியதுதான். ஜார்ஜ் பேரிஸை ஒரு கலைஞனாகவே எடுத்துக்கொண்டு அவர் எழுதினார்.

பெரியவரின் கொட்டகையில் நின்றிருந்தது மெர்க்குரி அல்ல, 1952-ஆம் ஆண்டின் செவ்ரோலே. அவருடைய அண்ணனுடையது. அண்ணன் 2021-இல் இறந்தபோது வண்டி தம்பிக்கு வந்தது. இங்கேதான் கதை சிக்கலாகிறது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக அமெரிக்கர்களிடையே பழைய செவ்ரோலேக்களைப் பேணும் மரபு ஒன்று உண்டு. முப்பதுகள் தொடங்கி ஐம்பதுகளின் தொடக்கம் வரையிலான வண்டிகளை ‘பாம்பா’ என்று செல்லமாகச் சொல்வார்கள். அந்த மரபின் இலக்கணம் மழிப்புக்கு நேர் எதிரானது. எதையும் கழற்றக் கூடாது. மாறாகச் சேர்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கு மேல் வெயில் தடுப்பு, பின்சக்கரத்துக்குப் பாவாடை, பம்பருக்குக் கூடுதல் காப்பு என்று அந்தக் காலத்து விற்பனை நிலையங்கள் உபரியாக விற்ற அத்தனை சாமான்களையும் தேடித் தேடிப் பூட்டுவார்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகை பூட்டுவது போல. அண்ணன் பாம்பாக்காரர். தம்பியோ வாழ்நாளெல்லாம் பிறர் வண்டிகளை மழித்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் நாற்பது வருடங்களாக இருவரும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். “அவன் வண்டி நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி” என்பார் தம்பி. “உன் வண்டி சோப்புக் கட்டி” என்பாராம் அண்ணன்.

1952-க்கு ஒரு தனி விசேஷமும் உண்டு. கொரியப் போரின்போது நிக்கல் போர்த் தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. குரோம் பூச்சுக்கு அடியில் இருக்க வேண்டிய நிக்கல் படலத்தில் தொழிற்சாலைகள் கைவைத்தன. அந்த ஆண்டுகளின் வண்டிகளில் பளபளப்பு சீக்கிரமே உரிந்து புள்ளி விழுந்தது. அண்ணன் தம் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, காசு சேர்த்துச் சேர்த்து, பல ஆண்டுகளில் மறுபூச்சுப் போட்டிருக்கிறார். பானெட்டின் நுனியில் சிறகு விரித்தாற்போல ஒரு சின்னம். பறவையா ஆகாய விமானமா என்று அறுதியிட முடியாத உரு. அது துத்தநாக வார்ப்பு என்பதால் பூச்சுக்கு அமிலத்தில் முக்கும்போது கரைந்து பள்ளமாகிவிடும். அதற்காகவே தனியாக ஒரு கைவினைஞரைத் தேடிப் பிடித்தாராம். அவர் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் அதைத் துடைப்பது வழக்கம். இவையெல்லாம் பின்னால் எங்களுக்குத் தெரிய வந்தவை.

தம்பி அந்த வண்டியை மழிக்கத் தீர்மானித்தார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கையில் நடுக்கம் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒரு வண்டி தமக்கென்று செய்துகொள்ள வேண்டும் என்றார். எங்கள் மகன் கையாளாகச் சேர்ந்தான். எங்களைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம்; எங்கள் சார்பு அண்ணன் பக்கமே. ஆனால் பேசாத மகன் ஏதோ ஒன்றில் காலையிலிருந்து இரவு வரை மூழ்கிக் கிடக்கையில் எந்தப் பெற்றோரும் அழகியல் வாதம் செய்ய மாட்டார்கள்.

முதல் வாரம் கழற்றல். கதவோரத்து எஃகுப் பட்டைகள் ஒவ்வொன்றும் கவ்விகளாலும், எழுத்துச் சின்னங்கள் பின்புறம் நீண்ட ஆணிகளாலும் தகட்டில் பொருந்தியிருந்தன. ‘டீலக்ஸ்’ என்ற சாய்ந்த எழுத்தைக் கழற்றியபோது அதன் அடியில் எழுபது ஆண்டுப் புழுதி அதே எழுத்தின் வடிவில் படிந்திருந்தது. பட்டைகளின் பின்னால் நீர் தேங்கித் துளைகளின் விளிம்பு துருவேறியிருந்தது. மழிப்புக்காரர்கள் தங்கள் தரப்பில் சொல்லும் நியாயங்களில் இதுவும் ஒன்று. அலங்காரம் இருக்கும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்பார்கள். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு துளைகள். எங்கள் மகனின் நான்கு அசைப் பெயரும் பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓரசையாகக் குறைந்துவிட்ட ஒன்று. இந்த ஒப்புமை எங்களுக்குத் தோன்றாமலில்லை. இதை மேலும் நீட்டுவது மலிவு என்பதால் விட்டுவிடுகிறோம்.

துளையை அடைப்பது எளிது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பாலியெஸ்டர் பிசினும் மாக்கல் தூளும் கலந்த பட்டியைத் துளைக்குள் திணித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தால் அன்றைக்குப் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மாக்கல் தூள் ஈரம் உறிஞ்சும். பின்புறமிருந்து நீர் புகுந்து ஓரிரு மழைக்காலத்தில் வட்டமாக ஒரு வடு எழும்பும். மூடிய துளை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதலில் தகட்டைத் தகட்டால் மூட வேண்டும். சிறு துளை என்றால் பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து வெல்டிங் பொட்டு வைப்பார்கள். உருகிய எஃகு செம்பில் ஒட்டாது. துளை நிரம்பியதும் செம்பை எடுத்துவிடலாம். பெரிய துளைக்கு அதே கனத்தில் வில்லை வெட்டிப் பொருத்தி, ஒரு பொட்டு இங்கே, அது ஆறிய பின் எதிர்ப்புறம் ஒரு பொட்டு. அவசரப்பட்டால் தகடு சூட்டில் நெளிந்து கூடை போலாகிவிடும். பிறகு சுத்தியலும் டாலியும். மகன் ஒரு நாளைக்கு மூன்று துளைகள் மூடினால் பெரியவர் அதை நல்ல நாள் என்பார்.

அதன் மேல் வருகிற பூச்சு விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் புயல் வீசியது. பெரியவர் பட்டியைத் தொட மறுத்தார். அவருடைய இளமையில் இவ்வகை வண்டிகளை ‘ஈயச் சறுக்குவண்டி’ என்று பரிகசித்தது காரணத்தோடுதான். மேடு பள்ளங்களை ஈயத்தால் நிரவுவார்கள். முப்பது பங்கு வெள்ளீயமும் எழுபது பங்கு காரீயமும் கலந்த கட்டி. தனிக் காரீயம் 327 டிகிரி செல்சியஸில் சட்டென்று நீராகிவிடும். இந்தக் கலவையோ 183 டிகிரியில் இளகத் தொடங்கி 250-க்கு மேல்தான் முழுதும் உருகும். இடைப்பட்ட அந்த வெப்பத்தில் அது திடமுமல்ல, திரவமுமல்ல, அல்வாப் பதம். செங்குத்தான கதவில் வைத்தாலும் வழியாது. தேன்மெழுகில் தோய்த்த மரத் துடுப்பால் அதை வெண்ணெய் போல இழைத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் எஃகைப் பளிச்சென்று சுத்தம் செய்து, சூடாக்கி, வெள்ளீயப் பசை தடவித் துணியால் துடைத்து, ஒரு மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது.

வேலி ஓரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களில் கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு நவச்சாரத்தின் நெடி நினைவில் எழுந்தது. தெருவில் வந்து அமர்ந்து, துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் செய்ததும் இதேதான்: சூடாக்கல், நவச்சாரம் தூவல், வெள்ளீயம் தேய்த்தல், துணியால் ஒரு சுழற்று. கறுத்த அண்டாவின் உள்ளே ஒரு நொடியில் நிலவு எழும். இதை மகனிடம் சொன்னோம். வெள்ளீயம், காரீயம் என்று இரண்டுக்கும் தமிழில் ஒரே குடும்பப் பெயர் இருப்பதை அவன் வியந்து கேட்டு, தன் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டான். அந்த ஆண்டில் எங்களுக்கிடையே நடந்த முதல் நீண்ட உரையாடல் அதுதான்.

ஆனாலும் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வண்டிக்கு இழைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காரீயம். அது நரம்பைத் தின்னும். பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எட்டு வயது மகள் வேறு. அம்மா திட்டவட்டமாகச் சில விதிகள் விதித்தாள்: முகமூடியில்லாமல் வேலை கிடையாது, கொட்டகை உடுப்போடு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பெரியவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தம்முடைய கைநடுக்கத்தைப் பற்றி மருத்துவர் ஒரு முறை இதே கேள்வியைக் கேட்டார் என்றும், பதிலை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் மட்டும் சொன்னார். ஈயத்தை உப்புத்தாளால் ஒருபோதும் தேய்க்கக் கூடாது, தூள் காற்றில் ஏறும். அரம் போட்டு இழைத்தால் சுருள் சுருளாகக் கீழே விழும், கூட்டி எடுத்துவிடலாம். இந்த ஒழுங்கை அவர் தம் இளமையில் யாரிடமும் கற்கவில்லை, எங்கள் மகனிடம் கண்டிப்பாகக் கேட்டு வாங்கினார்.

பரப்பைச் சோதிப்பது கண்ணால் அல்ல, கையால். அதுவும் வலது கையல்ல; வேலை செய்து காய்த்த கைக்கு நுட்பம் போய்விடும். இடது உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய துணியொன்றை வைத்துக்கொண்டு நீளவாக்கில் தடவுவார். தலைமுடி அளவு மேடும் அப்போது சொல்லிவிடும். நடுங்கும் அந்தக் கை தகட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் நடுங்காது என்று மகன் சொன்னான். நாங்களும் பார்த்தோம், உண்மை.

கடைசியாகக் கதவுப் பிடிகளும் போயின. உள்ளே மின்காந்தம் ஒன்றைப் பொருத்தி, வண்டியின் அடியில் ஒளித்து வைத்த பொத்தானை அழுத்தினால் கதவு தானே விடுபடும்படி செய்தார்கள். பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டோம். அதற்கும் கீழே ஒரு கம்பி தொங்குகிறதாம். எல்லாவற்றையும் துறந்தவர்களின் மடியிலும் அவசரத்துக்கு ஒரு நாணயம் முடிந்திருக்கும் போலும்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியார் வந்தார். ப்ரைமரின் மங்கிய சாம்பல் நிறத்தில் வண்டி கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஆற்று நீரில் உருண்டு தேய்ந்த கூழாங்கல் போல. அண்ணியாரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் நேராகக் கதவண்டை போனார். கை, பிடி இருந்த உயரத்துக்குத் தானாகப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கையை எடுக்காமலே சற்று நேரம் நின்றுவிட்டு, பானெட்டின் பக்கம் திரும்பினார்.

“பறவை எங்கே?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. எங்கள் மகன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, காராஜின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு வருடமாக அங்கே அது இருந்தது எங்களுக்கே தெரியாது. ஒவ்வோர் உறுப்பையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே நாடா ஒட்டி, எங்கிருந்தது, எத்தனையாவது துளை என்று எழுதியிருந்தான். அண்ணியார் அவற்றை மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இடது கதவின் பட்டையில் ஒரு நெளிவு. மூத்த மகள் பிறந்த இரவில் மருத்துவமனைத் தூணில் உரசியது என்றார். அவர் கணவர் எல்லாவற்றையும் சீர் செய்தாரே தவிர, அதை மட்டும் நேராக்கவில்லையாம்.

“இதையெல்லாம் திரும்பப் பூட்ட முடியாதா?”

“துளைகள் போய்விட்டன” என்றார் பெரியவர்.

“துளையிடலாம்” என்றான் மகன். “அளவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.”

குறிப்பேட்டை எடுத்து விரித்தான். வண்டியின் நான்கு பக்கங்களும் அதில் வரையப்பட்டிருந்தன. நாற்பத்தொரு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு. பெரியவர் அதைப் பார்த்த பார்வையை எங்களால் மறக்க முடியவில்லை. தம் சீடன் தமக்குத் தெரியாமல் அண்ணன் தரப்புக்கும் வக்காலத்து வாங்கி வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்துப் பானெட்டின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணியார் குறிப்பேட்டை நெடுநேரம் பார்த்தார். “அவர் இருந்த வரைக்கும் நீ இந்தச் சண்டையில் ஜெயிக்கவே இல்லை” என்று மைத்துனரிடம் சொன்னார். பிறகு எங்கள் மகனிடம் திரும்பி, துளை வேண்டாம் என்றார். கதவைத் திறக்கச் சொன்னார். அவன் குனிந்து பொத்தானை அழுத்த, கதவு விடுபட்டது. விட்டியர் புலவார் வரைக்கும் போய்வர வேண்டும் என்றார். அந்தச் சாலையில் ஞாயிறு மாலைகளில் மெதுவாக ஊர்ந்து போவதைக் காவல்துறை 1979-இல் தடுத்து நிறுத்தியது. இத்தகைய தடைகளை மாநிலச் சட்டமொன்று 2024 ஜனவரி முதல் நீக்கிவிட்டது. பெரியவர் ஓட்ட, அண்ணியார் பக்கத்தில் அமர்ந்து போனார்கள். மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். இருட்டிய பிறகுதான் திரும்பினான். எங்கே போனீர்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டோம். இருவரும் வழியெல்லாம் ஸ்பானிய மொழியில் சண்டை போட்டார்கள், எனக்குப் பாதிதான் புரிந்தது என்றான்.

நெளிந்த பட்டையை மட்டும் அண்ணியார் எடுத்துக்கொண்டார். மற்றவை எங்கள் காராஜில்தான் இருக்கின்றன. வண்டி இன்னும் ப்ரைமரிலேயே நிற்கிறது. பெரியவர் கருஞ்சிவப்பு என்கிறார். அண்ணியார் தொலைபேசியில் அழைத்து, பழைய பச்சையைத் தவிர வேறு நிறம் பூசினால் தாம் அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.